பொக்கற்றுக்கை அடங்கிற சாமான்

ஓம் அண்ணை, அந்தப் பிஸ்ரல் கிருபண்ணையின்ரைதான். பொலிஸ் சொன்னது பொய்யில்லை. சுட்டவங்கள்தான் பிறகு கொண்டுவந்து அவரின்ரை கையுக்கை வைச்சவங்கள் எண்டு நீங்கள் நோர்வேயிலை இருந்து ரெலிபோனிலை சத்தம் போட்டனீங்களாம். நிஷாந்தி அக்கா சொல்லி அழுதவ. அவவுக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது அண்ணை. புருசன் பொக்கற்றுக்கை என்ன கொண்டு திரிஞ்சவர் எண்டதே பொலிஸ் வந்து சொல்லித்தான் அவவுக்குத் தெரியும். வீட்டை போனவுடனை அவவைப் பிடிச்சுக் கேக்காதேங்கோ. அதுக்காகத்தான் இப்ப வழியிலை சொல்லுறன்.

நான் ஆரோ? எயாப்போட்டிலை சொன்னனான், நீங்கள் நித்திரைக் கலக்கத்திலை கவனிக்கேல்லைப் போலை. துர்க்கா. உங்கடை தம்பி கிருபண்ணையின்ரை வீட்டு பேஸ்மென்ரிலை வாடகைக்கு இருக்கிறனான். நாலு வருசமாகுது. சொந்தம் ஒண்டுமில்லை. அக்கா பியூனரல் ஹோமுக்குப் போட்டா, நாளைக்குத் தம்பியைப் பார்வைக்கு வைக்க உடுப்புக் குடுக்க. மகள் அட்சயாவைப் பக்கத்து வீட்டிலை விட்டிருக்கு. ஆர் போய் அண்ணையை ஏத்திறதெண்டு கதை வரேக்கை நான் போறன் எண்டனான்.

இல்லை, இது அக்சிடன்ற் ஒண்டும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்த நானூற்றியொண்டு ஹைவே இப்பிடித்தான் நிக்கும். இன்னும் ஒரு மணித்தியாலம் எண்டு காட்டுது. சீற்றைப் பின்னுக்குத் தள்ளிச் சாயுங்கோவன்.

ஆர் குடுத்ததெண்டோ? சொல்லுறன். முதல்லை இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

தம்பி ரோ ட்ரக் ஓடினவர் எண்டு தெரியும்தானே. கார் இடிபட்டு, உடைஞ்சு நிண்டா கொளுவி இழுத்துக்கொண்டு போய்க் கராச்சிலை விடுறது. அங்கை எப்பிடியோ தெரியேல்லை, இஞ்சை அதுக்குப் பெரிய அடிபிடி. கொஞ்சப்பேர் சேந்து இந்த ரோட்டு எங்கடை, இந்தச் சந்தி எங்கடை எண்டு பிரிச்சு வைச்சிருக்கிறாங்கள். எல்லா நாட்டு ஆக்களும் இருக்கினம், எங்கடை ஆக்களும் இருக்கினம். கிருபண்ணை ஒருத்தரோடையும் சேராமல் தனிய ஓடினவர். அஞ்சாறு வருசம் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த வருசம் கோடை துவங்கேக்கைதான் கோல் வரத் துவங்கினது. எங்களோடை சேந்து ஓடு, இல்லாட்டி எல்ஸ்மியர் ரோட்டுப் பக்கம் வராதை எண்டு. இவர் என்ன சொன்னார் தெரியுமே, ரோட்டு உன்ரை கொப்பரின்ரையோ எண்டு கேட்டிட்டார். அட்சயாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர் அதை.

ஓகஸ்ற் மாசம் ட்ரக்கை எரிச்சாங்கள். வீட்டு வாசல்லை, விடியப்புறம். எனக்குக் காலமைச் சிவ்ற், ஆறு மணிக்கு வேலை, கதவைத் திறந்துகொண்டு வெளிக்கிட முகத்திலை சூடு அடிச்சுது. நான்தான் முதல்லை கண்டனான். கத்தி மேலை இருந்த மூண்டு பேரையும் எழுப்பி வெளியாலை எடுத்தது நான்தான். வீட்டின்ரை முன்பக்கத்துப் பிளாஸ்ரிக் சுவர் முழுக்க உருகி மெழுகு மாதிரி வடிஞ்சு கிடந்தது. அட்சயாவின்ரை சைக்கிள் நிண்ட இடத்திலை கம்பி மட்டும்தான். ஒன்பது வயசுப் பிள்ளை, நித்திரை உடுப்போடை ரோட்டிலை நிண்டு சைக்கிளைப் பாத்துக்கொண்டு நிண்டது.

பொலிஸ் வந்தது. எழுதிச்சினம். ஒரு கார்ட் குடுத்துச்சினம், பின்னாலை ஒரு நம்பர் எழுதி. கிருபண்ணை அந்தக் கார்ட்டை பிரிட்ஜிலை காந்தம் வைச்சு ஒட்டி வைச்சவர். ரெண்டு மூண்டு தரம் எடுத்தவர். விசாரிச்சுக்கொண்டு இருக்கிறம் எண்டு சொல்லிச்சினமாம்.

தொழிலை விட்டிருக்கலாம்தானே எண்டோ? எல்லாரும் உதைத்தான் கேக்கினம். விட ஏலாது அண்ணை. இன்சூரன்ஸ் குடுத்ததோடை இன்னொரு ட்ரக் எடுத்திட்டார். அவருக்கு நாற்பத்தியேழு வயசு, வேறை வேலை தெரியாது. வீட்டை விக்கிறதெண்டால் எரிஞ்ச வீட்டை ஆர் வாங்கிறது. அவங்களோடை சேருறதெண்டால், பொய் அக்சிடன்ற், பொய்க் கணக்கு, எல்லாத்துக்கும் கையெழுத்து வைக்க வேணும், பிறகு வெளியாலை வர ஏலாது. எங்காலையும் வழியில்லை. வெளியிலை ஓடித் திரிஞ்ச மனிசன் இரவிலை முன் அறையிலை யன்னல் கேட்டினை விலத்தி விலத்தி ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பார். மேலை அவர் நடக்கிறது கீழை எனக்குக் கேக்கும். யன்னல் வரைக்கும் வந்து நிக்கும், திரும்பிப் போகும், திரும்ப வரும்.

அதுக்குப் பிறகு ஒரு கோல் வந்தது. அட்சயா படிக்கிற பள்ளிக்கூடத்தின்ரை பேரை மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டாங்கள். ஒரு சொல்லுத்தான். அக்காவுக்கு அவர் அதைச் சொல்லேல்லை. எனக்கு மட்டும் சொன்னவர்.

ஏன் எனக்கு எண்டு கேப்பியள். அதுக்குத்தான் வாறன்.

அந்தக் கோலுக்குப் பிறகுதான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. அமெரிக்காவிலை பிஸ்ரலைப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு திரியலாமெல்லே. அதுக்கெண்டு அங்கை ஒரு பெரிய உலகமே இருக்கு அண்ணை. எந்தக் காற்சட்டைக்கு எது, குனியேக்கை தெரியாமல் எதை வைக்கலாம், கோடைக்கு எது, குளிருக்கு எது எண்டு கதைச்சுக் கதைச்சு வீடியோ போடுறாங்கள். தொப்பி போட்ட கிழவன்மார், நல்ல அன்பாக் கதைக்கிறாங்கள், எங்கடை ஆக்கள் சமையல் காட்டுற மாதிரி. கிருபண்ணை ட்ரக்குக்கை இருந்து முழுநாளும் உதுதான் பாக்கிறது. இஞ்சை அது ஒண்டும் சரிவராது, சின்னத் துவக்கு வாங்கவும் ஏலாது விக்கவும் ஏலாது, கொண்டு திரிஞ்சு பிடிபட்டா மறியல்தான், வருசக்கணக்கா உள்ளுக்கைதான். அது அவருக்கு நல்லாத் தெரியும்.

ஒருநாள் நான் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வர அவர் அங்கை நிக்கிறார். காற்சட்டைப் பொக்கற்றுக்கை அட்சயாவின்ரை பென்சில் பெட்டி. வைச்சுக்கொண்டு குனியிறார், நிமிருறார், காருக்குச் சங்கிலி கொளுவிற மாதிரி முழங்காலிலை இருக்கிறார். என்னைக் கண்டிட்டு, துர்க்கா, வெளியாலை தெரியுதோ எண்டு கேட்டார். எனக்கு முதல்லை விளங்கேல்லை. சிரிச்சிட்டன். பென்சில் பெட்டி தெரியுது அண்ணை எண்டனான். அவரும் சிரிச்சவர். அப்ப இதைவிடச் சின்னன் வேணும் எண்டார். அப்பதான் எனக்கு விளங்கினது.

பொறுங்கோ, இந்த லொறிக்காரன் உள்ளுக்கை வரப்பாக்கிறான்... சரி, வரட்டும். எங்கை போகப்போறான்.

எனக்கு ஏன் சொன்னவர் எண்டால், போன வருசம் பேஸ்மென்ரிலை எனக்கு ஒரு அறை அடைச்சுத் தந்தவர், தன்ரை கையாலை. ஆணியடிக்கிற துவக்கெண்டு ஒண்டு இருக்கெல்லே, காத்துப் பிடிச்சு டக் டக்கெண்டு அடிக்கும். அது இறுகிப்போச்சுது. ஒரு மணித்தியாலம் அதோடை மல்லுக்கட்டினவர். நான் தேத்தண்ணி கொண்டுபோனனான். இஞ்சை தாங்கோ எண்டு வாங்கி, கதைச்சுக் கதைச்சு, அதைப் பாக்காமலே கழட்டி, இறுகின ஆணியை எடுத்து, திரும்பப் பூட்டிக் குடுத்திட்டன். ரெண்டு நிமிசம் இருக்குமோ தெரியேல்லை. குடுத்துப்போட்டு நிமிந்து பாக்கிறன், மனிசன் ஆணித் துவக்கைப் பாக்கேல்லை, என்ரை கையைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

எங்கை பழகினனீர் எண்டார். பக்டரியிலை எண்டனான். நான் பரோட்டாப் பக்டரியிலை பொதி கட்டுற மிசினிலை நிக்கிறனான். கிருபண்ணை சொன்னார், பக்டரியிலை ஒருத்தரும் பாக்காமல் கழட்டுறேல்லை எண்டு. எனக்கு முகம் வெளுத்திருக்க வேணும். உடனை சொன்னார், பயப்பிடாதையும், நான் ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு.

ஓம் அண்ணை. நீங்கள் நினைக்கிறதுதான்.

பதினேழு வயசு எனக்கு. ரெண்டாயிரத்தியெட்டு, வன்னியிலை. வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் கேட்ட நேரம். ரியூசனுக்குப் போகேக்கை பிடிச்சுக்கொண்டு போனவை. பத்து மாசம். என்னைச் சண்டைக்கு விடேல்லை, கை சுறுக்கெண்டு போட்டுத் துவக்குத் திருத்திற இடத்திலை விட்டவை. பழுதாய் வாறதைக் கழட்டி, துடைச்சு, பூட்டி, சரிபாத்துக் குடுக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது. நான் ஆரையும் சுடேல்லை. ஆனா நான் சரிபாத்துக் குடுத்த ஒண்டு என்ன செய்ததெண்டு ஒருநாள் கண்ணாலை கண்டனான். அதை இப்ப சொல்ல மாட்டன்.

இஞ்சை கப்பலிலை வந்தனான், ரெண்டாயிரத்திப் பத்தாம் ஆண்டு. விசாரணையிலை கேட்டவை, இயக்கத்திலை இருந்தனியோ எண்டு. பிடிச்சுக்கொண்டு போனவை எண்டு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அப்ப கப்பலிலை வந்த எங்களைப் பாத்த பார்வையிலை வாய் வரேல்லை. இல்லையெண்டிட்டன். ஒருக்கா இல்லையெண்டு சொன்னா, அதுக்குப் பிறகு வாற எல்லாத் தாளிலையும் இல்லையெண்டுதான் எழுத வேணும் அண்ணை. அகதியாய் ஏற்றுக்கொள்ளேக்கை, நிரந்தரமா இருக்கிற பி.ஆருக்கு, சிற்றிசனுக்கு. பொய் சொல்லி எடுத்ததெண்டு பிடிச்சா எல்லாத்தையும் பறிச்சுப்போட்டு அனுப்பலாம். எத்தினை வருசம் போனாலும்.

கிருபண்ணை கெட்டவர் இல்லை. உங்கடை தம்பி எண்டதுக்காகச் சொல்லேல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான் மருந்து வாங்கியந்து படியிலை வைக்கிறவர். ஆனா அந்த ஒரு சொல்லு, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்ட சொல்லு, அதுக்குப் பிறகு அவரின்ரை முகத்தைப் பாத்துத்தான் நான் அந்த வீட்டிலை நடந்தனான். என்ரை கார் அவரின்ரை ட்ரக்குக்கு இடைஞ்சலோ, நான் சமைக்கிற மணம் மேலை போகுதோ எண்டு எல்லாத்துக்கும் பயம்.

ஒக்ரோபர் துவக்கத்திலை திரும்பவும் அந்த உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். விக்கிற ஆளைப் பிடிச்சிட்டன், பிறம்ரனிலை இருக்கிறான், சாமான் வைச்சிருக்கிறானாம், எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது, ஏமாத்திப்போடுவான், நீர் ஒருக்கா வந்து பாத்துச் சொன்னாக் காணும் எண்டார். நான் ஏலாது எண்டனான். கிருபண்ணை, உது உங்களை விழுங்கிப்போடும், தயவுசெய்து வேண்டாம் எண்டு கும்பிட்டனான். அவர் ஏசேல்லை. பிறகு, சிற்றிசன் சோதினை பாஸாமே, நிஷாந்தி சொன்னவள், நல்ல சந்தோசம், நான் இண்டைவரைக்கும் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே எண்டார்.

அது வெருட்டோ அண்ணை? எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. ஒருவேளை அந்த மனிசன் நம்பிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். இல்லை எண்டு தலையாட்டுறியள். உங்களுக்குத் தம்பி. நானும் இல்லையெண்டுதான் நினைக்கப் பாத்தன். ரெண்டு நாள் நினைச்சுப் பாத்தன். மூண்டாம் நாள் வாறன் எண்டிட்டன்.

சனிக்கிழமை மத்தியானம் போனனாங்கள், ட்ரக்கிலை. எனக்கு மெத்தை ஒண்டு எடுக்கப் போறமெண்டு அக்காவுக்குச் சொன்னது. அக்கா ரெண்டு பேருக்கும் இடியப்பம் கட்டித் தந்தவ. பிறம்ரனிலை வெயர்ஹவுஸ் வரிசை வரிசையா இருக்கிற இடம், பின்னுக்கு லொறிகள் நிக்கும். ஒருத்தன் கதவை அரைவாசி தூக்கி உள்ளுக்கை விட்டான். எங்கடை ஆளில்லை. ஒரு முப்பத்தைஞ்சு வயசிருக்கும், நல்ல மரியாதை. சின்னப்பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோற பை ஒண்டைத் திறந்து, ஒரு துவாயை விரிச்சு மூண்டை வைச்சான். என்னைக் காட்டி உன்ரை மனிசியோ எண்டு கேட்டான். கிருபண்ணை ஓமெண்டார்.

பதினாறு வருசம் அண்ணை. தொடேல்லை, பாக்கேல்லை, படத்திலை வந்தாலும் எழும்பிப் போயிடுவன். கை மறக்கேல்லை. ஒவ்வொண்டா எடுத்தன். முதலாவது கறுப்பு, தட்டை, புதுசு மாதிரி. அவருக்கு அதிலைதான் கண். ரெண்டாவது உருளை வைச்ச பழைய மாடல், கட்டைக் குழல், நல்ல பாரம். மூண்டாவதுதான் ஆகச் சின்னன். வெள்ளி நிறம், அவரின்ரை உள்ளங்கையுக்கை முழுக்க மறையும். கழட்டிப் பாத்தன். எண்ணெய் மணந்தது.

கிருபண்ணை தமிழிலை கேட்டார், எது நல்லது எண்டு. நான் சொன்னனான், கறுப்பு பொக்கற்றுக்கை இருந்து எடுக்கேக்கை துணியிலை கொளுவும். உருளை வைச்சது புடைச்சுக்கொண்டு தெரியும், சங்கிலி கொளுவக் குனிய ஏலாது. சின்னனை எடுங்கோ எண்டு. வாங்கிப் பொக்கற்றுக்கை போட்டார். அந்த வெயர்ஹவுசுக்கை குனிஞ்சார், நிமிந்தார், முழங்காலிலை இருந்தார். தெரியுதோ எண்டார். தெரியேல்லை எண்டனான். மனிசன்ரை முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளை மாதிரி.

ஓம். நான்தான். ஆர் குடுத்தது, ஆர் குடுத்தது எண்டு கேட்டியள். வித்தவன் வேறை, எடுத்துக் குடுத்தது நான்.

திரும்பி வரேக்கை ஒருக்கா எங்கையேன் காட்டுப்பக்கம் போய்ச் சுட்டுப் பாப்பமோ எண்டு கேட்டார். விசரே கிருபண்ணை, சத்தம் கேட்டு ஆரும் பொலிசுக்குக் கோல் அடிச்சா முடிஞ்சுது, பொக்கற்றுக்கை கிடக்கட்டும், எடுக்க வேண்டிய தேவை வராது எண்டனான். நான் சொன்னா அவருக்கு வேதவாக்கு. வழியிலை நிப்பாட்டி ரெண்டு பேரும் அக்கா தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டனாங்கள். பிறகு கடையிலை மெத்தையையும் ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்.

அண்டையிலை இருந்து ஆள் மாறிப்போனார். மேலை நடக்கிற சத்தம் நிண்டுது. நல்லாச் சாப்பிட்டார். அட்சயாவுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் குடுத்து ரோட்டிலை ஓடப் பழக்கினார். நிஷாந்தி அக்கா, தான் கோயிலுக்கு நேந்தது பலிச்சிட்டுதெண்டு போய் அபிஷேகம் செய்விச்சவ. என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. கும்பிடு துர்க்கா, இந்த வீட்டுக்கு நிம்மதி வந்திட்டுது எண்டவ. நான் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்.

எல்ஸ்மியர் பக்கமும் திரும்ப ஓடத் துவங்கினார். அதைத்தான் நான் யோசிக்கேல்லை. பயந்த மனிசன் பயந்தபடி ஒதுங்கி ஓடுவார் எண்டுதான் நினைச்சனான். பொக்கற்றுக்கை அது வந்த பிறகு பயம் போட்டுது. முந்தி ஒரு காரைக் கண்டாலும் திருப்பிக்கொண்டு வாறவர், இப்ப இறங்கி நிண்டு கதைக்கிறாராம். வந்து எனக்குச் சொல்லுவார், துர்க்கா, இண்டைக்கு அவங்கள் விலத்திப் போட்டாங்கள் எண்டு.

போன கிழமைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூண்டு மணி. பிளாசா ஒண்டின்ரை முன்னாலை, சனம் சாமான் வாங்கிக்கொண்டு நிக்கிற நேரம். ரெண்டு பேர் வந்தாங்கள். ஒருத்தன்ரை கையிலை பேஸ்போல் அடிக்கிற பொல்லு. மற்றவன் வெறுங்கை. கடைக் கமராவிலை எல்லாம் இருக்கு. அக்காவுக்குப் பொலிஸ் போட்டுக் காட்டினவை, பக்கத்திலை கையைப் பிடிச்சுக்கொண்டு நான் இருந்தனான். சத்தமில்லை, படம் மட்டும்.

ட்ரக் கதவு திறந்து கிடந்தது அண்ணை. ரெண்டு எட்டு. ஏறிப் பூட்டிக்கொண்டு இருந்தா கண்ணாடியை உடைச்சிருப்பாங்கள், லைற்றை உடைச்சிருப்பாங்கள், போயிருப்பாங்கள். அதுக்குத்தான் பொல்லோடை வந்தவங்கள். முந்தின கிருபண்ணையெண்டால் ஏறியிருப்பார். இவர் அவங்களைப் பாத்து முன்னுக்கு நடந்தார். பொக்கற்றுக்கை கையை விட்டார். எடுத்து நீட்டினார். துணியிலை கொளுவேல்லை. பொல்லு வைச்சிருந்தவன் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னாலை போறான். அதோடை முடிஞ்சிருக்கும். மற்றவன் நிக்கிறான். இவர் அவனைப் பாத்து நீட்டிக்கொண்டு நிக்கிறார். பிறகு கையைக் கிட்டக் கொண்டுவந்து அந்தச் சாமானைக் குனிஞ்சு பாக்கிறார். ரெலிபோன் வேலை செய்யாட்டி பாப்பமெல்லே, அப்பிடி. அந்த நேரத்துக்கைதான் மற்றவன் தன்ரையை எடுத்தவன்.

அதுக்குப் பிறகு நான் பாக்கேல்லை. அக்கா பாத்தவ.

தண்ணி இருக்கு அண்ணை, அந்தக் கதவடியிலை. குடியுங்கோ.

அவரின்ரை பிஸ்ரலிலை ரவை எல்லாம் அப்பிடியே கிடந்ததாம். ஒண்டும் வெடிக்கேல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் பொலிஸ் சொன்னது. அதைக் கேட்ட நேரம் தொடங்கி அக்கா ஒரே சொல்லுத்தான். வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுறா. நாளைக்கு உங்களுக்கும் சொல்லுவா. என்ரை மனிசன் சுடேல்லை, கையிலை வைச்சிருந்தும் ஒரு உயிரை எடுக்க அவருக்கு மனம் வரேல்லை, அந்த நல்ல மனசாலைதான் செத்தவர் எண்டு. அட்சயாவுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறா. அந்தப் பிள்ளை வந்து எனக்குச் சொல்லுது, அப்பா is not a bad guy, he didn't shoot எண்டு. பொலிஸ் அந்தச் சாமானைச் சோதிக்கக் குடுத்திருக்கினம், ரெண்டு மூண்டு மாசம் செல்லுமாம் மறுமொழி வர. அதுவரைக்கும் அக்காவுக்கு இந்த ஒரு சொல்லு இருக்கும்.

அவருக்கு மனம் வந்தது அண்ணை. அந்தப் படத்திலை விரல் போறதை நான் கண்டனான். ரெண்டு தரம் அமத்தினவர்.

அது வெடிக்காது. உள்ளுக்கை ரவையிலை போய்க் குத்திற ஊசி ஒண்டு இருக்கு, அதின்ரை முனை முறிஞ்சு கிடந்தது. பிறம்ரனிலை கழட்டினவுடனை எனக்குத் தெரியும். வித்தவனுக்கே தெரியாது. மற்ற ரெண்டும் நல்ல சாமான். அதாலைதான் நான் அதை எடுக்கச் சொன்னனான்.

வேறை என்ன செய்யிறது? நல்லதைக் குடுத்தா அவர் ஆரையேன் சுட்டுப்போட்டு மறியலுக்குப் போவார், அட்சயா தனிச்சுப்போடும், நான் சரிபாத்துக் குடுத்ததாலை இன்னொருத்தன் சாவான். குடுக்க ஏலாதெண்டா, அவர் வாய் திறந்தா என்ரை கதை முடிஞ்சுது. பொக்கற்றுக்கை ஒரு பாரம் கிடந்தாக் காணும், மனிசன் நித்திரை கொள்ளும், ஒருத்தரும் சாகாயினம் எண்டு நினைச்சன். ரெண்டு நிமிசத்திலை நினைச்சது, துவாயிலை திரும்ப வைக்கிறதுக்கிடையிலை. பிறகு எத்தினையோ தரம் சொல்லுவம் எண்டு படியேறிப் போனனான். கதவடிக்குப் போக உள்ளுக்கை சிரிச்சுக் கேக்கும். சொன்னா, அப்ப நல்லதொண்டு எடுத்துத் தாரும் எண்டுதான் கேட்டிருப்பார். திரும்பி இறங்கி வந்திடுவன்.

ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான். சிற்றிசன் சத்தியப்பிரமாணத்துக்கு வாற வியாழக்கிழமை வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு, அக்காதான் அதைப் பிரிச்சு வாசிச்சு, இந்தச் சாவீட்டிலை ஒரு நல்ல காரியம் எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சவ. நீங்கள் பொலிசுக்குச் சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ. நான் இந்த முறை இல்லையெண்டு சொல்லமாட்டன். அக்காவுக்கு மட்டும், அந்தப் பிள்ளைக்கு மட்டும்... அதையும் நீங்கள்தான் யோசிக்க வேணும். என்னாலை இனி யோசிக்க ஏலாது.

அண்ணை.

அண்ணை, இதிலை நிப்பாட்ட ஏலாது. நடு லேனிலை நிக்கிறம், ரெண்டு பக்கமும் லொறி. கதவிலை கை வைக்காதேங்கோ. தெரியும், என்னோடை இருக்க ஏலாதெண்டு தெரியும், நான் குற்றம் சொல்லேல்லை. இது எக்ஸ்பிரஸ் லேன், வெளியாலை போற வழி இன்னும் வரேல்லை. வந்தவுடனை இறக்கி விடுறன், ராக்சி ஒண்டு பிடிச்சுப் போங்கோ, பெட்டியை நான் கொண்டந்து வாசல்லை வைக்கிறன். இன்னும் ஒரு இருபது நிமிசம். கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அழுறதெண்டா அழுங்கோ. நான் முன்னுக்குத்தான் பாக்கிறன்.